பின்னங்கால் இரண்டும் அறுபத்து மூன்று கிலோ

நம் ஆபீசில் தண்ணீர்க் கேனுக்கு மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு எடைச் சீட்டு தொங்குகிறது. அதில் 2433.6 கிலோ என்று அச்சாகியிருக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே அதைப் பற்றிக் கேட்பீர்கள். "நம்ம கம்பெனி போட்ட முதல் சீட்டா சார்?" என்பார் ஒருவர். "ராசியான நம்பரா?" என்று கேட்டவரும் உண்டு. நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஓய்வு பெற்ற பிறகு வாரத்துக்கு ஒரு நாள்தான் வருகிறேன். அந்த ஒரு நாளும் கதை சொல்ல உட்கார்ந்தால் உங்கள் வேலை கெட்டுவிடும்.

ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், இப்போதே காது சிவந்திருக்கும், ஒரு தராசு மைனஸில் எடை காட்டியது என்றும், ஒரே ஒரு வார்த்தை சேர்த்து அதை நிமிர்த்திவிட்டேன் என்றும் சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சீட்டில் உள்ள எண்ணும் அப்படிப் பிறந்ததுதான். அதைப் பெற்றவன் நான். ஆகவே இந்தத் தடவை எழுதியே கொடுத்துவிடுகிறேன். நிறுத்தி நிதானமாகத்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படித்தேன் என்று சொன்னால் வாத்தியார் எழுந்து வந்துவிடுவார். பாளையங்கோட்டையில் தராசு பழுது பார்க்கிற பட்டறையில் சேர்ந்தேன். அப்போதெல்லாம் இரும்பு எடைக்கல்தான். கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். எடை குறைந்தால் அதில் ஈயம் உருக்கி ஊற்றுவோம், கூடினால் கொஞ்சம் சுரண்டுவோம். பிறகு கரண்டுத் தராசு வந்தது. பட்டறைக்காரர்கள் பாதிப் பேர் வேறு தொழிலுக்குப் போனார்கள். நான் இந்தக் கம்பெனிக்கு வந்தேன், முதலில் ஸ்குரூ முடுக்க. பக்கத்து மேஜையில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவரை எட்டி எட்டிப் பார்த்து, கேட்டுக் கேட்டு, அவர் பொறுமை தீர்ந்துபோய்ச் சொல்லிக்கொடுத்த வகையில் சி மொழி வந்தது. இங்கிலீஷில் நான் முதன்முதலில் கூட்டி வாசித்த சொல் 'வாய்டு'. அதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தமாம். என் தகுதிக்குப் பொருத்தமான தொடக்கம்.

எதற்காக இதைச் சொல்கிறேன் என்றால், நான் புரோகிராம் எழுத வந்த பிறகும் எனக்குள்ளே இருந்தவன் பழுது பார்க்கிறவன்தான். பழுது பார்க்கிறவனுக்குச் சில கைப்பழக்கங்கள் உண்டு. தராசுத் தட்டுக்கு அடியில், எடை தாங்குகிற இரும்புக் கட்டை இருக்கிறதல்லவா, லோடு செல் என்கிறோமே, அதிலிருந்து வருகிற ஒயரில் வெள்ளையையும் பச்சையையும் மாற்றிக் கோத்துவிட்டால் எடை அப்படியே இருக்கும், முன்னால் ஒரு மைனஸ் மட்டும் வரும். வள்ளியூரில் ஒரு மண்டியில் வாழைத்தார் மைனஸ் பதினெட்டுக் கிலோ காட்டி, கடைக்காரர் "அப்ப நான்தான் வாழைக்குத் தார் கொடுக்கணுமா வே?" என்று கேட்டார். சரியான வைத்தியம், தட்டைக் கழற்றி ஒயரை மாற்றுவது. சோம்பேறி வைத்தியம், புரோகிராமில் ஒரு சொல் சேர்த்து மைனஸை அழித்துவிடுவது. தட்டுக்கு அடியில் தேளும் பல்லியும் இருக்கும். ஆகவே சோம்பேறி வைத்தியம்தான் எங்கள் ஊர் வைத்தியம். பல வருஷம் அதனால் ஒரு கேடும் வந்ததில்லை. பழக்கம் ஊறியதே அதனால்தான்.

இனி யானைக்கு வருகிறேன்.

ஆற்றங்கரைக் கோயில் ஒன்றில் செண்பகம் என்று ஒரு யானை. கோயில் பேர் வேண்டாம். கோயில் யானைகளை வருஷத்துக்கு ஒரு தடவை லாரி எடை போடுகிற பாலத்தில் ஏற்றி எடை பார்ப்பார்கள். கூடினால் நடக்க வைப்பார்கள், குறைந்தால் மருந்து கொடுப்பார்கள். அந்த வருஷம் செண்பகத்தை எடை போடுவதாக இருந்தது தங்கராஜ் அண்ணாச்சியின் பாலத்தில். பாளையங்கோட்டைக்கு வெளியே, நாங்கள் அப்போதுதான் புதிதாகப் போட்டுக்கொடுத்த பாலம். முப்பது டன் வரை தாங்கும். அண்ணாச்சி நல்ல மனுஷர். ஞாயிற்றுக்கிழமை பாலத்தைப் பூட்டிவிட்டுச் சர்ச்சுக்குப் போய்விடுவார். எது நடந்தாலும் வாயில் முதலில் வருவது "ஸ்தோத்திரம்"தான். காதில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்த பிறகும் அந்தப் பென்சிலை அவர் எடுக்கவில்லை. அதற்காக நான் அவரைக் கேலி செய்ததும் உண்டு.

இரண்டு நாள் முன்னதாக, கோயில் நிர்வாகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். புதிதாக மாற்றலாகி வந்தவர், சின்ன வயசு, கறாரான ஆள். போன வருஷம் வேறொரு பாலத்தில் போட்ட சீட்டைக் காட்டினார். நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது கிலோ.

"இது என்ன, அம்பதுல முடியுது? குத்துமதிப்பா இருக்கு. இந்தத் தடவை எனக்குப் புள்ளி வச்சு வேணும். நூறு கிராம் சுத்தமா."

உண்மையைச் சொன்னால், அந்தப் பாலத்துக்கு ஐந்து கிலோ முன்னே பின்னே போவது பெரிய விஷயமில்லை. லாரிக்கு அது போதும். "சார், இதுக்கு மேல இந்தப் பாலத்துக்குத் தெரியாது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு அதிகாரி நம்மிடம் வந்து நுணுக்கமாக ஒன்று கேட்கும்போது மனசுக்குள் ஒரு குளிர்ச்சி வருகிறது பாருங்கள். "போட்டுரலாம் சார்" என்றேன்.

இங்கே உங்கள் பாஷையில் கொஞ்சம் பேச வேண்டும். சி மொழியில் 'இன்ட்' என்று ஒரு டப்பா. நாங்கள் அன்றைக்கு வைத்த சில்லில், அதாவது சிப்பில், அது சின்ன டப்பா. முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரைக்கும்தான் கொள்ளும். 'லாங்' என்பது பெரிய டப்பா. பாலம் முப்பது டன், அதாவது முப்பதாயிரம் கிலோ. கிலோவில் வைத்தால் சின்ன டப்பாவுக்குள் கச்சிதமாக அடங்கும். அப்படித்தான் எழுதியிருந்தேன். இப்போது நூறு கிராம் கணக்கு வேண்டுமென்றால் எல்லா எண்ணையும் பத்தால் பெருக்கி வைத்துக்கொண்டு, அச்சடிக்கும்போது புள்ளி போட வேண்டும். லோடு செல்லிலிருந்து எண் பெரிய டப்பாவில்தான் வருகிறது. அதைப் பத்தால் பெருக்கி, பழையபடி சின்ன டப்பாவில் போட்டேன். நாம் எழுதுவதை மிஷின் பாஷைக்கு மாற்றுகிற கம்பைலர் எச்சரிக்கை காட்டியது, பெரியதைச் சின்னதில் போடுகிறாயே, சிந்துமே என்று. வாயை மூட என்ன செய்வீர்கள்? நீங்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறி போட்டு அதற்குள் 'இன்ட்' என்று எழுதினேன். கம்பைலர் அடங்கிவிட்டது. எனக்கு ஒரு கட்டளை போட்ட பெருமை.

சோதித்தும் பார்த்தேன், சோதிக்காமல் விடுகிறவன் இல்லை. நான் ஏறி நின்றேன், 65.0. அண்ணாச்சியின் காலி மினி லாரியை ஏற்றினோம், 2140.0. "ஸ்தோத்திரம், புள்ளியெல்லாம் வருது" என்றார். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

யானை வந்தது காலை எட்டு மணிக்கு. பாகன் பேர் இசக்கிமுத்து. ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும். செண்பகத்தோடு பதினெட்டு வருஷம். ஆற்றில் குளிப்பாட்டி, நாலு கிலோமீட்டர் நடத்தியே கூட்டி வந்திருந்தார். பின்னாலேயே வழிநெடுகச் சேர்ந்த கூட்டம். டீக்கடைக்காரர் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டார். அதிகாரி கையில் ஒரு ஃபைல்.

மறுபடியும் ஒரு தடவை மினி லாரியை ஏற்றி இறக்கிக் காட்டினேன். 2140.0. அதிகாரி தலையாட்டினார்.

"பைய ஏறு தாயீ, பைய. இரும்புதான், ஒண்ணும் செய்யாது" என்று இசக்கி சொல்ல, செண்பகம் முன்னங்காலை வைத்துத் தட்டிப் பார்த்து, பிறகு நாலு காலையும் வைத்து நின்றாள். பெரிய சிவப்பு எழுத்தில் பலகை காட்டியது:

மைனஸ் 2433.6.

டீக்கடைக்காரர்தான் தொடங்கினார். "ஏ, மைனஸ் போட்டிருக்கு! ஆன பறக்குதா வே?"

"காலையில கீரை மட்டும்தான் தின்னா. அதான் லேசாயிட்டா" என்றார் இசக்கி.

கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்னய்யா இது?"

"ஒயர் மாறிக் கெடக்கு சார். அஞ்சே நிமிஷம்."

லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு சொல் சேர்த்தேன். சில்லில் ஏற்றினேன். பலகையில் மைனஸ் போய்விட்டது. 2433.6. சீட்டு கரகரவென்று வெளியே வந்தது. அதுதான் இப்போது சட்டத்துக்குள் தொங்குவது.

ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் மினி லாரி பிளஸில் நின்றது. லாரி இறங்கி யானை ஏறுவதற்குள் ஒயர் தானாகவா மாறும்? இதைக் கேட்க ஐந்தாம் வகுப்பே போதும். நான் கேட்கவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, கை பழகிய வேலையைக் கை செய்துவிட்டது.

அதிகாரி சீட்டை வாங்கி வாசித்தார். போன வருஷச் சீட்டை எடுத்தார். போனில் கழித்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு கிலோ கொறஞ்சிருக்கு. ஒரே வருஷத்துல."

ஃபைலைத் திறந்து ஒரு மனுவை எடுத்தார். பாகன் யானைக்குக் கொடுக்க வேண்டிய அரிசியையும் வெல்லத்தையும் குறைத்து வெளியே கொண்டு போகிறார் என்று யாரோ கையெழுத்தில்லாமல் எழுதியிருந்த மனு. அதை அவர் அதுவரை நம்பவில்லை என்று நினைக்கிறேன். சீட்டு வந்ததும் நம்பிவிட்டார்.

"பதினெட்டு வருஷமா சோறு போட்ட ஜீவன்யா இது. இதோட வாயிலயா கை வச்சீரு?"

இசக்கிக்கு முதலில் புரியவே இல்லை. "சார், அவள ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார். "இங்கன நிக்காள்ளா. மெலிஞ்சவ மாதிரியா தெரியுது?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். செண்பகம் பாலத்தில் உருண்டு திரண்டு நின்று, யாரோ நீட்டிய வாழைப்பட்டையை மடித்துத் தின்றுகொண்டிருந்தாள். இதற்குப் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பார்ப்பேன். கூட்டத்தில் ஒருவர் சொன்னார், "அது நீர் கோத்த ஒடம்பு." இன்னொருவர், "உள்ள வெறும் காத்துவே. தொட்டா தெரியும்." கொஞ்ச நேரம் முன்பு 'ஆன பறக்குதா' என்று சிரித்த டீக்கடைக்காரர் "நானும் நெனச்சேன், கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு" என்றார். எண்ணைக் கண்ணுக்கு ஒத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, கண்ணை எண்ணுக்கு ஒத்து மாற்றிக்கொண்டார்கள். நானும்தான். எனக்கே செண்பகம் கொஞ்சம் வாடியது மாதிரித் தெரிந்தாள்.

அதிகாரி கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"பாதிக்குப் பாதி குறைஞ்சா அது நிக்கவே நிக்காதே சார். நிக்குதா?"

"நிக்குது."

"திங்குதா?"

"திங்குது."

"அப்ப எடையத் திரும்பப் போட்டுப் பாருங்க."

"கம்ப்யூட்டர் சீட்டு மேடம். புள்ளி ஆறு வரைக்கும் இருக்கு."

அந்தப் புள்ளி ஆறுதான் எல்லாரையும் கவிழ்த்தது. இரண்டாயிரத்து நானூறு என்று மொட்டையாக வந்திருந்தால் அவரே சந்தேகப்பட்டிருப்பார். டாக்டரம்மா, அப்படியானால் யானையை உடனே யானைகளுக்கு வைத்தியம் பார்க்கிற முகாமுக்கு அனுப்புங்கள், நான் பார்க்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டார். அதிகாரி இசக்கியிடம் கையை நீட்டினார்.

"அங்குசத்தக் குடும். சாயங்காலம் லாரி வரும். கூட வேற ஆள் போவாரு. விசாரணை முடியற வரைக்கும் நீரு கோயில் பக்கம் வரக் கூடாது."

இசக்கி அங்குசத்தைக் கொடுத்தார். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. யானை பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கும். நேரே என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, ஒம்ம மிசினு பொய் சொல்லுமா?"

"சொல்லாது வே" என்றேன். வெட்கமாக இருக்கிறது எழுத. ஆனால் அப்படித்தான் சொன்னேன். கம்பெனி பேர், புதுப் பாலம், சுற்றிக் கூட்டம்.

"சரி. பொய் சொல்லாதுன்னா ஒண்ணு செய்யும். முன்னங்கால மட்டும் வச்சிப் பாப்போம்."

"அது எதுக்கு?"

"பெரிய பாலம் இல்லாத காலத்துல அரிசி மில்லுத் தராசுலதான் ஆன எடை போடுவோம். நாலு காலும் கொள்ளாதுல்லா? முன்னங்கால் தனியா, பின்னங்கால் தனியா வச்சிக் கூட்டுவோம். நம்ம கண்ணு முன்னால கூட்டிப் பாத்தா மனசு ஆறும் பாத்துக்கிடும்."

அதிகாரி காதில் விழுந்துவிட்டது. "ஒரு தடவ போட்டாச்சு. சீட்டும் வந்தாச்சு. ஆளாளுக்கு ஒவ்வொரு கால வச்சுப் பாக்க இது என்ன திருவிழாவா?"

அவர் முடிவாகச் சொல்லிவிட்டார். நான் சும்மா இருந்தால் கதை அதோடு முடிந்தது. யாரும் என்னைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் நான் அழித்த அந்த மைனஸ் உள்ளங்கையில் முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது. தப்பு எங்கே என்று அப்போதும் எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு வாயைத் திறக்க யாராலும் முடியும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தச் சீட்டில் இருக்கிற எண் மிஷின் சொன்ன எண் இல்லை, நான் திருத்திய எண் என்பது மட்டும்தான். அது அந்தக் கூட்டத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"சார், வச்சுப் பாப்போம்" என்றேன். "தப்பு இருந்தா அது என் தப்பாத்தான் இருக்கும். அவரு தப்பா இருக்காது."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்து நிமிஷம்" என்றார்.

இசக்கி வெறுங்கையோடு செண்பகத்தின் காதருகே போய் என்னவோ சொன்னார். அவள் பின்னோக்கி நடந்து, பின்னங்கால் இரண்டையும் தரைக்கு இறக்கி, முன்னங்கால் மட்டும் பாலத்தில் வைத்து நின்றாள். பலகை தடுமாறி நின்றது.

2370.0.

கணக்குப் புரிய எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. தங்கராஜ் அண்ணாச்சிதான் காதிலிருந்து பென்சிலை எடுத்து உள்ளங்கையில் கழித்தார்.

"ஸ்தோத்திரம்! நாலு காலும் ரெண்டாயிரத்து நானூத்தி முப்பத்து மூணரைச் சொச்சம். முன்னங்கால் மட்டும் ரெண்டாயிரத்து முந்நூத்தி எழுவது. அப்ப பின்னங்கால் ரெண்டும் சேந்து அறுவத்து மூணு கிலோவா வே?"

இசக்கி திரும்பி யானையின் பின்புறத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். "எங்க வீட்டுக்காரி எழுவது இருப்பா. அவகிட்டப் போயிச் சொல்லணும், ஒன்னவிட செண்பகம் லேசாம்னு."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. 'உள்ளே காற்று' என்று சொன்னவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "பின்னால ரெண்டு காலும் தரையில படவே இல்ல போலயே, அந்தரத்துலல்லா தொங்கியிருக்கு" என்றார். அதிகாரி சிரிப்பை அடக்க முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டார்.

பின்னங்காலை மட்டும் வைத்தோம். 1750.0. அண்ணாச்சியின் உள்ளங்கையில் கூட்டினால் நாலாயிரத்து நூற்று இருபது.

நாலாயிரத்து நூற்று இருபது. பத்தால் பெருக்கினால் நாற்பத்தோராயிரத்து இருநூறு. சின்ன டப்பா கொள்வது முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். எனக்கு அப்போதுதான் தலையில் இடி இறங்கியது. டப்பா நிறைந்தால் சிந்தும் என்றுதான் நினைப்போம். அது சிந்தாது. ஊரைச் சுற்றி வருகிற டவுன் பஸ் கடைசி நிறுத்தத்தைத் தாண்டினால் முதல் நிறுத்தத்துக்கு வந்துவிடுகிறதே, அதுபோல அது பிளஸின் கடைசியைத் தாண்டினால் மைனஸின் அடியில் போய் நிற்கும், அங்கிருந்து ஏறி வரும். அந்த மைனஸ் ஒயர் போட்ட மைனஸ் இல்லை. 'நான் நிறைந்துவிட்டேன், என்னால் தாங்க முடியவில்லை' என்று டப்பா போட்ட கூப்பாடு. மினி லாரியும் நானும் டப்பாவுக்குள் அடங்கினோம். முன்னங்கால் தனியாக அடங்கியது. முழு யானை அடங்கவில்லை. கம்பைலர் முன்கூட்டியே சொன்னது, அதன் வாயை அடைத்தேன். டப்பா கத்திச் சொன்னது, அதையும் அழித்தேன்.

அதிகாரியிடம் அப்படியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"மைனஸ் வந்துச்சுல்லா சார், அத நான்தான் அழிச்சேன்."

"ஏன்யா அழிச்சீரு?"

"பழக்கம் சார்."

"ஒரு மனுசன் பொழப்ப அழிக்கப் பாத்தீரே, பழக்கத்துல" என்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

லேப்டாப்பில் அந்த அடைப்புக்குறியை எடுத்தேன், சின்ன டப்பாவைப் பெரிய டப்பாவாக மாற்றினேன், மைனஸ் அழிக்கும் சொல்லையும் தூக்கினேன். கால்மணி நேரம். செண்பகத்தை மறுபடி ஏற்றினோம். 4115.0.

"அங்க நூத்தி இருபது, இங்க நூத்திப் பதினஞ்சு. இப்ப இத நான் எப்படி நம்புறது?" என்று கேட்டார் அதிகாரி. ரொம்ப நியாயமான கேள்வி. முதல் நாளே அவர் கேட்டிருக்க வேண்டியது, நான் பதில் சொல்லியிருக்க வேண்டியது.

"சார், நாலாயிரத்து நூத்திச் சொச்சம். அஞ்சு கிலோ இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். அதுக்கு மேல இந்தப் பாலத்துக்குத் தெரியாது. ரெண்டு வழியில போனாலும் ஒரே ஊருக்குத்தான் வருது பாருங்க, அத நம்புங்க. புள்ளிய நம்பாதீங்க."

அவர் மறுபடியும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது, டாக்டரம்மா கை தட்டுகிறார்! "இருநூத்தி முப்பது கிலோ குறைஞ்சிருக்கா? நான் இருநூறு குறைக்கத்தானே சொல்லியிருந்தேன்! யாரு, இசக்கியண்ணனா? வெல்லத்தையும் அரிசியையும் பாதியாக் குறைச்சிருங்க, தினமும் ஆத்துக்கு நடத்துங்கன்னு போன வருஷம் நான்தான் சொன்னேன்."

அதிகாரி மனுவை எடுத்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். அரிசியும் வெல்லமும் குறைந்தது உண்மைதான். குறைக்கச் சொன்னது டாக்டர். அதைப் பார்த்த யாரோ திருட்டு என்று எழுதியிருக்கிறார்கள். மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அங்குசத்தை இரண்டு கையாலும் இசக்கியிடம் நீட்டினார்.

"சாயங்காலம் லாரி வராது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இசக்கி வாங்கிக்கொண்டு, "வெயில் ஏறுதுக்கு முந்தி நடத்திருதேன் சார். அவளுக்குக் கால் சுடும்" என்றார்.

மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்றுதான் போனேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "இதுபோல எத்தனை கடையில மைனஸ அழிச்சு வச்சிருக்கீரு?" எண்ணிப் பார்த்தால் நாற்பதைத் தாண்டியது. வள்ளியூரிலிருந்து ஆழ்வார்திருநகரி வரைக்கும் மூன்று மாதம் பைக்கில் அலைந்து, ஒவ்வொரு தட்டாகக் கழற்றி, வெள்ளையையும் பச்சையையும் ஒழுங்காகக் கோத்துவிட்டு, அந்தச் சொல்லை எடுத்தேன். இரண்டு தேள் கொட்டியது. நியாயமான தண்டனை. வள்ளியூர் மண்டிக்காரர் மட்டும், "இவ்வளவு நாளு நல்லாத்தான இருந்துது, இப்ப என்ன திடீர்னு யோக்கியம்?" என்று கேட்டார்.

உங்களுக்குச் சொல்ல வந்ததை அநேகமாகச் சொல்லிவிட்டேன். பெரிய டப்பாவிலிருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றும்போது அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதுவது கட்டளை இல்லை. 'இது அடங்கும், அடங்காவிட்டால் நான் பொறுப்பு' என்று நீங்கள் கொடுக்கிற வாக்கு. அடங்குமா என்று லாரியை வைத்துப் பார்த்தால் போதாது, யானையை நினைத்துப் பார்க்க வேண்டும். வரக்கூடாத ஒரு எண் வந்தால் அதை அழகாக்காதீர்கள். அசிங்கமாகவே நிற்கட்டும், நாலு பேர் சிரிக்கட்டும். 'ஆன பறக்குதா' என்று சிரித்த வரைக்கும் அன்றைக்கு எவனுக்கும் ஆபத்தில்லை. நான் அதை நம்பும்படி ஆக்கிய பிறகுதான் ஒரு மனுஷன் அங்குசத்தைக் கையிலிருந்து இறக்க வேண்டி வந்தது. காது சிவந்த நண்பரே, அந்தத் தராசை நாளைக்குக் கழற்றிப் பாருங்கள். ஒயராக இருந்தால் நல்லது. டப்பாவாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். தேள் இருந்தால் நீங்கள் மட்டும் பாருங்கள்.

செண்பகம் இன்னும் அதே பாலத்துக்குத்தான் வருஷாவருஷம் எடைக்கு வருகிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஒரு நாள் என்னையும் வரச் சொல்லித் தங்கராஜ் அண்ணாச்சி ஆள் அனுப்பிவிடுவார். பலகையில் இப்போது புள்ளி கிடையாது. இசக்கி அவளைப் பாலத்து ஓரத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, ஏற்றுவதற்கு முன்னால் கூட்டமெல்லாம் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்துக் குரல் கொடுப்பார்:

"அண்ணாச்சி, இந்த வருசம் செண்பகத்துக்குப் பின்னங்கால் உண்டா?"